மிதிவெடிக்கு மேல் டேலியா

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சூடாகும், பிறகு வயிறு கலக்கும், கடைசியாகத்தான் மூளைக்குச் செய்தி போய்ச் சேரும். அதற்குள் கால்கள் தாமாக ஒரு முடிவெடுத்து ஓடத் தொடங்கியிருக்கும். சிறு வயதிலிருந்தே இந்த ஒழுங்கு மாறவில்லை. இதை மறைப்பதற்காகத்தான் நான் பகிடிக்காரன் ஆனேன். நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டு நின்றால், நாம் நடுங்குவதும் சிரித்துக் குலுங்குவது போலத் தெரியும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால், முடக்கு ஒன்றில் திரும்பிப் போகும் குறுகிய ஒழுங்கையின் கடைசி வளவு என்னுடையது. முன்னால் வீடு, பக்கத்தில் தகரக் கொட்டில். கொட்டிலில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிறேன். கடலுக்குப் போகிறவன் துணிந்தவன். அவனுடைய எஞ்சினைத் திருத்திக் கொடுத்துவிட்டுக் கரையில் நிற்கிறவன் நான். இந்த வேலைப் பங்கீட்டில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

என் மனைவி நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. இந்த உப்புக்காற்றுக்குள் அவள் வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தைந்து வருடமாகிறது. இன்னும் அவள் "ஆமா" என்பாள், நான் "ஓம்" என்பேன். இவ்வளவு காலத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சீலை கேட்டதில்லை, சங்கிலி கேட்டதில்லை, ஏன் நேரம் பிந்தி வந்தீங்கள் என்றுகூடக் கேட்டதில்லை. கொடுத்து வைத்தவன் என்று கூட்டாளிமார் சொல்வார்கள். ஒன்றும் கேட்காத மனிசியோடு வாழ்ந்து பார்த்தவனுக்குத்தான் அதன் திகில் விளங்கும். கேட்பவளுக்கு இல்லை என்று சொல்லலாம். கேட்காதவளுக்கு எதைச் சொல்வது?

போன மாரிக்குள் ஒருநாள் அவளுடைய தங்கை தோட்டத்திலிருந்து வீடியோ அழைப்பு எடுத்தாள். தங்கைக்குப் பின்னால், வீட்டு முற்றத்தில், சோற்றுக் கோப்பை அளவில் சிவப்பாக ஒரு பூ. தங்கை பிள்ளையின் பரீட்சையைப் பற்றி ஏதோ சொல்லி அழுதுகொண்டிருந்தாள். என் மனைவி கழுத்தை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கொஞ்சம் தள்ளி நின்னு அழுடி. பூவை மறைக்கிற."

அழைப்பை வைத்த பிறகு, குசினிப் பக்கம் போகிற போக்கில், என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"இந்த ஊர்ல எல்லாம் இருக்குங்க. டேலியாதான் இல்ல."

என் காது சூடானது. இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக அவள் கேட்டுவிட்டாள். கேட்டதாக அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள், அது வேறு கதை. எங்களுடைய கல்யாண நாள் பங்குனிக் கடைசியில் வருகிறது. அதற்குள் இந்த வளவில் ஒரு டேலியா பூக்க வேண்டும், அதுவும் அவளுக்குத் தெரியாமல் பூக்க வேண்டும் என்று அந்த நிமிடமே தீர்மானித்தேன். தீர்மானித்தது நானா, என் காதா என்று இப்போதும் தெரியாது.

போனைத் திறந்து படிக்கத் தொடங்கினேன். டேலியா மெக்சிக்கோ மலைகளில் பிறந்தது. அங்கிருந்த பழைய சனங்கள் அதன் கிழங்கை உணவாகவும் மருந்தாகவும் உண்டார்களாம். ஸ்பானியர்கள் அதைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டு போனபோது, உருளைக்கிழங்கைப் போல இதுவும் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும் என்று சிலர் எதிர்பார்த்திருக்கிறார்கள். அவித்துத் தின்று பார்த்துவிட்டு, இதைப் பார்த்துக்கொண்டிருப்பதே நல்லது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். பிறகு சுவீடன் நாட்டுத் தாவர ஆராய்ச்சிக்காரர் ஒருவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். பெயர் வைக்கும்போது அந்த மனிதர் உயிரோடு இல்லை. பிள்ளை எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. எங்களுடைய மலைநாட்டுக்கு வெள்ளைக்காரத் துரைமார்தான் கொண்டு வந்திருக்க வேண்டும். பங்களாவில் வளர்ந்தது தொழிலாளர் லயத்து முற்றத்துக்கு எப்படி வந்தது என்பதை எந்தப் பக்கமும் எழுதவில்லை. என் மாமனார் பங்களாத் தோட்டக்காரர் என்பதால் எனக்கு ஓர் ஊகம் உண்டு.

வரலாற்றோடு நிறுத்தியிருக்கலாம். பூவுக்கு என்ன அர்த்தம் என்றும் பார்த்தேன். ஒரு பக்கத்தில், டேலியா என்றால் இரண்டு பேருக்கு நடுவில் நிலைத்த பந்தம், அதைத் திருமண நாளில் கொடுப்பது விசேஷம் என்று இருந்தது. நெஞ்சு குளிர்ந்துபோய்ப் போனை வைத்திருக்க வேண்டியவன், விரலால் இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அடுத்த பக்கத்தில், டேலியா என்றால் நம்பிக்கைத் துரோகம், நிலையில்லாத மனம் என்று போட்டிருந்தது. ஒரே பூ! அன்று முழுக்க நான் கார்புரேட்டர் ஒன்றைக் கழற்றிப் பூட்டிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில், என் மனைவி இங்கிலிஷ் பக்கமெல்லாம் வாசிக்கிறவள் இல்லை, அவளுக்கு டேலியா என்றால் டேலியாதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கிழங்கு கொண்டு வந்து தந்தவர் குறிஞ்சாக்கேணி நானா. நுவரெலியாவிலிருந்து எங்களுடைய சந்தைக்கு மரக்கறி ஏற்றும் முஸ்லிம் லொறிக்காரர். லீக்ஸ் பெட்டிக்குள் கடதாசியில் சுற்றி, தங்கக்கட்டி கடத்தியவரைப் போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நீட்டினார்.

"என்ன நானா, இப்படி ஒளிக்கிறீங்கள்?"

"நீங்கதானே பொண்டாட்டிக்குத் தெரியப்படாதெண்டு சொன்ன. பொண்டாட்டிக்குத் தெரியாம எதக் கொண்டு வந்தாலும் எனக்குக் கை நடுங்கும்."

நாலு கிழங்கு இருந்தது. பார்வைக்கு வத்தாளை, அதுதான் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஒரு காம்பில் குலையாகத் தொங்குவது போல. கழுத்துப் பக்கத்தில் முளைக்கண் இருக்கும், அது இல்லாத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது என்று படித்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றிலும் கண் தேடினேன். எனக்குத் தெரிந்த அளவில் எல்லாவற்றிலும் இருந்தது, அல்லது ஒன்றிலும் இல்லை.

மாரி ஓய்ந்த பிறகு, தை மாதக் கடைசியில், கிணற்றடிக்கும் கொட்டிலுக்கும் நடுவில் இடம் பார்த்தேன். காலை வெயில் விழும், மத்தியானத்துக்கு மேல் வேம்பு நிழல் கொடுக்கும். எங்களுடைய மண் வெறும் கடல் மணல். ஊற்றிய தண்ணீர் எங்கே போனதென்று தெரியாது. ஆகவே ஆழமாகக் கொத்தி, பழைய மாட்டெருவும் மக்கிய இலையும் கலந்தேன். கடற்கரைப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று பட்டால் இலை கருகும் என்பதற்காக, வேலியோரம் தென்னோலைக் கிடுகு கட்டி ஆளுயரத்துக்கு மறைப்பு வைத்தேன். அந்த மறைப்பு மனைவிக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்தேன். அவள் குசினி யன்னலைத் திறந்தால் நேரே தெரிவது இந்த இடம்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

டேலியாவுக்குத் தண்டு உள்ளீடில்லாத குழல். பூவின் பாரத்துக்கு முறிந்துவிடும். அதனால் ஊன்றுகோல் வேண்டும். அதையும் கிழங்கை வைப்பதற்கு முதலே நட்டுவிட வேண்டும், பிறகு நட்டால் கிழங்கைக் குத்திவிடும். சரி, கட்டைகளை நட்டேன். ஆனால் அந்தப் பக்கத்தால்தான் சல்லிக் கடற்கரையிலிருந்து வருகிற படகுக்காரர் எஞ்சினைத் தோளில் சுமந்து கொட்டிலுக்கு வருவார்கள். இருட்டில் தெரியாமல் யாராவது மிதித்துவிட்டால்? கொட்டிலில் துருவுக்குப் பூசுகிற சிவப்புப் பெயின்ட் மிச்சம் இருந்தது. கட்டைகளின் தலையில் ஒரு சாண் அளவுக்குச் சிவப்பாக அடித்தேன். அதுவும் போதாதென்று மீன்வலைக் கயிற்றைச் சுற்றிவரக் கட்டினேன். வேலை முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே மரியாதை வந்தது. இதற்குள் யார் கால் வைப்பான்?

மனைவி கிணற்றடிக்கு வந்தாள்.

"என்னங்க இது?"

"வத்தாளை நட்டிருக்கிறன்."

"வத்தாளைக்கு எதுக்குங்க கம்பு?"

"இது... கம்பில ஏறுற வத்தாளை. புது இனம்."

"ஆமா," என்றாள். அவளுடைய ஆமாவில் பல வகை உண்டு. இது எந்த வகை என்று எனக்குப் பிடிபடவில்லை.

முளை வரும்வரைக்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது டேலியாவின் முதல் சட்டம். மண்ணின் ஈரமே போதும். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும், பிள்ளை பசியோடு கிடக்குதோ என்று வாளியோடு போய்விடுவேன். கிழங்கு உயிரோடிருக்கிறதா என்று விரலை விட்டுக் கிண்டிப் பார்ப்பேன். ஒரு கிழங்கு அழுகி, கருவாட்டுக்காரர்கூட மூக்கைப் பொத்துகிற ஒரு மணம் வந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். மிச்சம் மூன்றும் முளைத்தன. கரும்பச்சை இலை, தண்டில் ஊதா நிறம். நான் கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் ஆடினேன்.

பிறகு இன்னொரு சட்டம் குறுக்கே வந்தது. செடி நாலு சோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளினால்தான் பக்கத்தில் கிளை வெடித்துப் பூ அதிகம் வரும், இல்லாவிட்டால் ஒற்றைத் தண்டாக ஒல்லியாய் நெடுத்துவிடும். கத்தரிக்கோலோடு போவேன், அந்த இளம் நுனியைப் பார்ப்பேன், திரும்பி வந்துவிடுவேன். மூன்று பிள்ளைகளின் தலையை வெட்டச் சொன்னால் யாருக்குக் கை வரும்? ஒவ்வொரு காலையும் நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப் போட்டேன். செடி முழங்கால் தாண்டிவிட்டது.

அப்படி இருக்கும்போது ஒருநாள், சல்லியில் எஞ்சின் ஒன்று கடலில் நின்றுவிட்டதென்று அதை எடுத்துவரப் போயிருந்தேன். திரும்பி ஓட்டோவில் வந்தால், ஒழுங்கை முகப்பில் சனக்கூட்டம். என் பக்கத்து வளவு அண்ணர் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்து ஓட்டோவை மறித்தார். கட்டைபறிச்சான் ஊர்க்காரர், சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து இங்கே வந்து தங்கிவிட்டவர். ஊரில் எது நடந்தாலும் அவருக்குத்தான் முதலில் தெரியும், நடக்காவிட்டாலும் தெரியும்.

"தம்பி, இறங்காதேங்கோ! உள்ளுக்குப் போகாதேங்கோ!"

"என்ன அண்ணை?"

"மிதிவெடி."

"எங்க?"

"உங்கட வளவுக்க. கிணத்தடிக்கும் கொட்டிலுக்கும் நடுவில. ஆமி வந்து அடையாளம் போட்டிட்டுப் போயிருக்கு. நான் என்ர கண்ணால பாத்தனான்."

என் காது எரிந்தது. கிணற்றடிக்கும் கொட்டிலுக்கும் நடுவில் நான் மண்வெட்டியால் ஆழக் கொத்தின இடம்! தினமும் விரலை விட்டுக் கிண்டின இடம்! நான் டேலியாவை நட்டிருப்பது ஒரு மிதிவெடிக்கு மேலே. அழுகின கிழங்கிலிருந்து வந்தது வெறும் நாற்றமல்ல, எனக்கு வந்த எச்சரிக்கை. ஓட்டோவிலிருந்து இறங்கப் போனேன், எப்போதும் ஓடுகிற கால்கள் அன்றைக்கு வரவில்லை. எஞ்சினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.

"என்ர மனிசி?" என்று கேட்டேன்.

"சந்தைக்குப் போனவ, இன்னும் வரேல்ல. தெய்வம் இருக்குத் தம்பி."

யாரோ சோடா வாங்கி வந்து கையில் தந்தார்கள். ஒருவர் விசிறினார். இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் பயம் கொஞ்சம் தணிந்ததும் பகிடிக்காரன் எழுந்துவிட்டான். அவனுக்கு இவ்வளவு பெரிய சபை கிடைத்து எத்தனையோ காலம்.

"அதில நான் மண்வெட்டியால கொத்தினனான்," என்றேன்.

கூட்டம் மூச்சை இழுத்தது.

"ஒருக்காப் போட்ட வெட்டில 'டங்' எண்டு கேட்டது. கல்லெண்டு நினைச்சன்."

டங் என்று ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. ஆனால் சொல்லும்போது எனக்கே கேட்டது. ஒரு அம்மா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சந்தை முடித்துத் திரும்பும் வழியில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் தருவதற்கு வந்த குறிஞ்சாக்கேணி நானாவும் கூட்டத்தில் நின்று, "அல்லாஹ்வே, இந்த மனிசனுக்கு எவ்வளவு ஆயுசு!" என்றார். நான் இன்னொரு வாய் சோடா குடித்துவிட்டு, அந்த மிதிவெடியின் பாரம் எவ்வளவு இருக்கும் என்று விளக்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒருவர் அண்ணரிடம் கேட்டார்: "அண்ணை, அந்தச் சிவப்புக் கட்டையளை ஆமி எப்ப நட்டது? ஒருத்தரும் காணேல்லயே?"

"என்ன கட்டை?" என்றேன்.

அண்ணர் சொன்னார்: "தலையில சிவப்படிச்ச கட்டை. சுத்திவரக் கயிறு. எங்கட பக்கம் மிதிவெடி கிளப்பி எடுத்த காலத்தில இப்பிடித்தானே நட்டு வச்சிருந்தவங்கள். நான் பாக்காத கட்டையோ? நீங்கள் வச்ச கிடுகு இண்டைக்குக் காத்துக்கு விழுந்துபோச்சு. அதாலதான் என்ர கண்ணில பட்டது. நடுவில ஏதோ பத்தை மண்டிக் கிடக்கு. பத்தைக்குள்ளதான் உது கிடக்கும்."

வாழ்நாளில் முதல் தடவையாக என் காது குளிர்ந்தது.

சோடாப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். மிதிவெடி இருந்தது, எடுத்துவிட்டார்கள், நான் தப்பினேன் என்று சாகும்வரை கதை சொல்லலாம். அப்போது அண்ணர் சொன்னார்: "பயப்பிடாதேங்கோ தம்பி. பொலிசுக்கு அடிச்சாச்சு. வந்து முழுக்கக் கிண்டி எடுத்திடுவாங்கள்."

முழுக்கக் கிண்டி!

என் மனைவி வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒன்றைக் கேட்டிருக்கிறாள். அது அங்கே நாலு கட்டைக்கு நடுவில் நிற்கிறது. பொலிஸ் மண்வெட்டியோடு வரப்போகிறது. நான் ஓட்டோவிலிருந்து குதித்தேன்.

"நில்லுங்கோ! அது மிதிவெடி இல்ல. அது டேலியா!"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"பாருங்கோ, சாகப் பாத்த நேரத்திலயும் இந்த மனிசன் பகிடி விடுறார்," என்றார் அண்ணர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அண்ணை, பகிடி இல்ல. கட்டை நட்டது நான். பெயின்ட் அடிச்சது நான்."

"சரி தம்பி, சரி. அதிர்ச்சியில இப்பிடித்தான் கதை வரும். இன்னொரு சோடா எடுங்கோடா!"

நான் கூட்டத்துக்குள் நானாவைத் தேடிப் பிடித்தேன். "நானா, சொல்லுங்க! எனக்குக் கிழங்கு கொண்டு வந்து தந்தது நீங்கதானே? லீக்ஸ் பெட்டிக்குள்ள வச்சு, ஒருத்தருக்கும் தெரியாம?"

கூட்டம் முழுவதும் நானாவைத் திரும்பிப் பார்த்தது. நானாவின் முகம் வெளிறியது.

"நான் ஒண்டும் குடுக்கல்ல! நான் லீக்ஸும் கரட்டும் மட்டும்தான் ஏத்துற. சத்தியமா எனக்கும் இதுக்கும் ஒரு தொடசலும் இல்ல!"

எண்ணெய்ப் போத்தலை அண்ணரின் கையில் திணித்துவிட்டு மனிதர் லொறி நின்ற பக்கம் நடையைக் கட்டினார்.

இனி ஒரே வழிதான். உள்ளே போய், கட்டைக்கு நடுவில் நின்று காட்ட வேண்டும். "பாருங்கோ, போறன்," என்று சொல்லிவிட்டு முடக்கில் திரும்பினேன். கூட்டம் ஒரு மரியாதையான தூரத்தில் பின்னால் வந்து வேலியோடு நின்றது. என் வளவு. என் கட்டைகள், மூன்றாவதில் பெயின்ட் வழிந்திருந்ததுகூட நான் வழியவிட்டதுதான். ஆனாலும் சொன்னால் நம்ப வேண்டும், வேலிப் படலையைத் தாண்டியதும் அடுத்த அடி வைக்க இடம் தேடினேன். கொஞ்ச நேரத்துக்கு முதல் நானே சொன்ன அந்த 'டங்' காதில் கேட்கிறது. கொத்தும்போது உண்மையிலேயே ஒரு சத்தம் கேட்டதோ? கட்டை என்னுடையதாக இருக்கலாம், ஆனால் கீழே என்ன கிடக்கிறதென்று யாருக்குத் தெரியும்? என்னுடைய பொய்யை அந்த ஒழுங்கையில் என்னைவிட உறுதியாக நம்பியவர் ஒருவரும் இல்லை.

பூனை போல ஒவ்வொரு விரலாக வைத்து நடந்தேன். கயிற்றைத் தாண்டினேன். "பாத்தீங்களா!" என்று திரும்பிச் சொல்ல வாய் திறந்த அதே கணத்தில், கொட்டிலுக்குப் பக்கத்துத் தென்னையிலிருந்து பிஞ்சுக் குரும்பட்டி ஒன்று தகரக் கூரையில் விழுந்தது.

டமார்!

சண்டைக் காலத்தைத் தாண்டி வந்த ஊர் இது. வெடிச்சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுடைய மூளையிடம் யாரும் கேட்பதில்லை, உடம்பே செய்துகொள்ளும். வேலியோரம் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குப்புற விழுந்தார்கள். விழுந்து கைகளால் பின்தலையைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணர் எண்ணெய்ப் போத்தலை நெஞ்சுக்குக் கீழே அணைத்தபடி விழுந்தார். நானும் விழுந்தேன். நான் நின்றது கயிற்றுக்குள் என்பதால், மூன்று டேலியாவுக்கும் மேலே முழு உடம்போடு விழுந்தேன். நெஞ்சுக்குக் கீழே 'நறுக், நறுக்' என்று கேட்டது. அந்தச் சத்தம்தான் அன்றைக்கு என்னை உண்மையில் கொன்றது.

ஒருவரும் அசையவில்லை. அப்படியே எவ்வளவு நேரம் கிடந்தோமோ. படலை திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். சந்தைப் பையோடு வந்தவள், வேலியோரம் வரிசையாகக் குப்புறக் கிடந்த ஊரைத் தாண்டி, என் தலைமாட்டில் வந்து நின்றாள்.

"என்னங்க, கும்பிட்டு முடிஞ்சிருச்சா?"

நான் எழும்பவில்லை. எழும்பினால் அடியில் என்ன நடந்திருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"கொஞ்சம் பிந்தி எழும்புறன்," என்றேன் மண்ணுக்குள்.

"எந்திரிங்க. டேலியாவுக்கு மூச்சு முட்டும்."

தலையைத் தூக்கிப் பார்த்தேன். "உமக்குத் தெரியுமோ?"

"இலையப் பாத்தா தெரியாதா? நா டேலியாவுக்கு நடுவுலதான் நடக்கப் பழகுனேன். கம்புல ஏறுற வத்தாளையாம்!"

நான் எழுந்தேன். மூன்று செடியின் நுனியும் முறிந்து தொங்கின. நெஞ்சிலும் வயிற்றிலும் பச்சைக் கறை. நான் பகிடி விடவில்லை. அவள் சந்தைப் பையை வைத்துவிட்டுக் குந்தியிருந்து ஒவ்வொரு தண்டாகத் தடவிப் பார்த்தாள். முறிந்த நுனிகளை நகத்தால் சுத்தமாகக் கிள்ளி எறிந்தாள். கீழேயிருந்த இலைச்சந்துகளைக் காட்டினாள். அங்கே அரிசி அளவில் முளை தெரிந்தது.

"அடித்தண்டு நல்லாத்தான் இருக்கு. நுனிய எப்பவோ கிள்ளியிருக்கணும். நீங்க கத்திரிக்கோல எடுத்துக்கிட்டுப் போறதும் வாறதுமா இருந்தத யன்னலால பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னும் ரெண்டு நாள் பாத்துட்டு நானே கிள்ளுறதா இருந்தேன்."

"அப்ப சாகாதோ?"

"சாகாது. கிளை விடும். ஆனா இதுக்கு ரெண்டு விரல் போதுங்க. முழு ஆளு வேணாம்."

வேலிக்கு அப்பால் அண்ணரின் தலை மெல்ல உயர்ந்தது. "பிள்ளை, அப்ப அது மெய்யாவே பூக்கண்டோ?"

"ஆமாண்ணே. எழுந்துருங்க, சட்டையெல்லாம் எண்ணெய்."

பொலிசார் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் இளையவர் வெலிமடைப் பக்கத்துச் சிங்களப் பெடியன். சிவப்புக் கட்டைகளைப் பார்த்து முகத்தை இறுக்கியவர், செடியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது டேலியா நே! எங்கட அம்மாட்ட நிறைய இருக்கு. கட்டுறது பழைய சீலைத் துண்டால. கயிறு வேணாம், வெட்டும்," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். பெரியவர் சிரிக்கவில்லை. கட்டைகளின் தலைக்கு வேறு நிறம் அடிக்கச் சொன்னார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும்போது, முதலில் அழைப்பு எடுத்தவர் யார் என்று கேட்டார். அண்ணர் சட்டை மாற்ற வீட்டுக்குப் போயிருந்தார்.

அன்றே பச்சை அடித்தேன். அடுத்த நாளே எஞ்சினோடு வந்த ஒருவர் அதில் தடக்கி விழுந்தார். மனைவி எங்கேயோ தேடி ஒரு மஞ்சள் பெயின்டைக் கொண்டு வந்து தந்தாள்.

கல்யாண நாள் வந்தது. மொட்டுகள் வந்திருந்தன, ஆனால் கல் போல இறுகிக் கிடந்தன. நான் மொட்டுகளிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவள் அலட்டிக்கொள்ளாமல், நடு மொட்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சின்ன மொட்டுகளை ஒடித்துப் போட்டாள். பூ பெரிதாக வர அப்படித்தான் செய்ய வேண்டுமாம். வெயில் ஏறிய பிறகு, பழைய குடையொன்றைக் கம்பில் கட்டிச் செடிகளுக்குப் பிடித்து வைத்தேன். ஒழுங்கையால் போகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்து, "என்ன மெக்கானிக், மிதிவெடிக்கு வெயில் ஏலாதோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நானா மட்டும் கொஞ்ச காலம் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. பிறகு ஒருநாள் படலையில் நின்று, "நான் பயத்துல சொன்ன, மனசுல வச்சிக்கப்படாது," என்று ஒரு லீக்ஸ் கட்டை நீட்டினார். பயத்தைப் பற்றி என்னிடமா மன்னிப்புக் கேட்பது? பிடித்து உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன்.

சித்திரை பிறந்து கொஞ்சம் போனதும், ஒரு காலை, கொட்டிலைத் திறக்கப் போனவன் நின்றுவிட்டேன். நடுச்செடியில் ஒன்று விரிந்திருந்தது. கருஞ்சிவப்பு. தங்கை வீட்டுப் பூ சோற்றுக் கோப்பை என்றால் இது தேத்தண்ணிக் கோப்பையின் தட்டு. ஓர் ஓரத்து இதழ்களை உப்புக்காற்று லேசாகச் சுட்டிருந்தது. நான் ஓடிப்போய் மனைவியை இழுத்து வந்தேன்.

அவள் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் காது சூடாகத் தொடங்கியது.

"சின்னதாப் போச்சோ?" என்றேன். "உப்பு பட்டிட்டுது. கல்யாண நாளும் தவறிட்டுது. அடுத்த முறை நான்..."

"சும்மா இருங்க," என்றாள்.

கொட்டிலுக்குள் போய், படகுக்காரர் இருக்கிற கதிரையைத் தானே தூக்கி வந்து செடிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. தங்கை அழைப்பு எடுத்தாள். போன் மடியில் கிடந்து அடித்து அடித்து ஓய்ந்தது. நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பின்னால் வந்து நின்றேன். அவளுடைய முகம் தெரியும்படி கொஞ்சம் முன்னுக்கு வந்தேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள். "பூவை மறைக்கிறீங்க."

நான் தள்ளி நின்றேன்.